ஆஸ்பத்திரி முகவரியில் இரண்டு ஓட்டு

ஈப்போ
ஆகஸ்ட் 25

மாரியம்மா அக்காவுக்கு,

குலசிங்கம் எழுதுகிறேன். மூங்கில்கரைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, காயத்துக்குக் கட்டுப் போட்டு டிரெசராக இருந்த குலசிங்கம். முப்பத்தெட்டு வருடங்களாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதினால் உங்களுக்கு எரிச்சல் வரும். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. நம் லாரி டிரைவரின் மகன் சுகுமாரன்தான் உங்கள் பாகான் செராய் முகவரியைத் தேடிக் கொடுத்தார். தொலைபேசியில் பேச எனக்குத் தோதில்லை. வலது காது முற்றாகப் போய்விட்டது. இடது காதில் பாதிதான் மிச்சம்.

செய்தி பார்த்திருப்பீர்கள். போன வாரம் நம் பக்கத்துக் கடைவரிசையின் பின்னால், குப்பைத்தொட்டியிலிருந்து பிறந்து சில மணி நேரமே ஆன ஒரு குழந்தையை எடுத்தார்கள். உயிர் இல்லை. பதினேழு வயதுப் பெண்ணொருத்தியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் பதின்மூன்றாம் தேதி நம் தொகுதியில் இடைத்தேர்தல். நான் ஈப்போவில் குடியிருந்தாலும் அடையாள அட்டையில் தோட்டத்து ஆஸ்பத்திரி முகவரியை மாற்றவே இல்லை. அதனால் என் ஓட்டு இன்னும் அங்கேதான்.

மூன்று பேர் நிற்கிறார்கள்: தீபன், வழக்கறிஞர் ஷர்மினி, தர்மேந்திரன். மூவருக்கும் பதிவுத் தபாலில் ஒரே கடிதம் அனுப்பினேன். பதில் போட முத்திரை ஒட்டிய உறையும் உள்ளே வைத்தேன். கருவிலிருக்கும் உயிரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்கு என்ன செய்வீர்கள், தூக்குத் தண்டனை வேண்டும் என்கிறீர்களா? இவ்வளவுதான் கேட்டேன். உயிர் என்றால் எல்லா இடத்திலும் உயிர்தான் என்று பேசுகிற ஒருவருக்குப் போடலாம் என்று நினைத்தேன். எழுபத்தொன்பது வயதில் இது பேராசையோ என்னவோ.

உங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. உண்மையில் அதற்காகத்தான் இந்தக் கடிதம். காளியம்மாவின் குழந்தை, ஜூன் பதினான்கு. நான் வெளி அறையில் உட்கார்ந்திருந்தேன். பிரசவம் பார்த்த நீங்கள் வந்து தலையை ஆட்டினீர்கள். நான் பேரேட்டில் 'பெண், இறந்து பிறந்தது' என்று எழுதினேன். ஆனால் அதற்கு முன் ஒரு அழுகுரல் கேட்டதாக எனக்கு நினைவு. ஒரே ஒரு முறை. மழைச் சத்தத்தில் நான் தவறாகக் கேட்டிருக்கவும் கூடும்.

அந்தக் குழந்தை மூச்சு விட்டதா, அக்கா?

பணிவுடன்,
குலசிங்கம்

*

பாகான் செராய்
ஆகஸ்ட் 29

டிரெசர் ஐயாவுக்கு மாரியம்மா எழுதிக்கொள்வது.

வயசாயிருச்சு. எழுத்து கோணலாத்தான் இருக்கும், படிச்சுக்குங்க. மருமக எழுதித் தரேன்னா. வேணான்னுட்டேன். இதெல்லாம் அடுத்தவ எழுதுற விஷயமா?

எனக்கு எண்பத்திரண்டு ஆச்சு. முட்டி வலி, சக்கரை, கண்ணுல பொரை. மகன் வீட்டுக்குப் பின்னால பூரா வயக்காடு. பொழுதுக்கும் கொக்கப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நிம்மதியா இருந்தேன் உங்க காயிதம் வர்ற வரைக்கும்.

ஓட்டுக் கேக்க வர்றவன்கிட்ட போயி இதெல்லாம் கேப்பாங்களா ஐயா? அவன் சாக்கடை வெட்டித் தர்றேம்பான், அரிசி மூட்டை குடுப்பான். வாங்கி வச்சுக்கிட்டு வீட்டுல இருங்க லா. உங்க கேள்விக்கு அவனுங்க ஏன் பதில் சொல்லணும்? நீங்க மட்டும் அன்னிக்குச் சொன்னீங்களா? காளியம்மா மூணு மாசத்துலயே உங்க மேசைக்கு முன்னால வந்து நின்னா. பதினாறு வயசுப் புள்ள. "ஐயா ஏதாச்சும் செய்யுங்க"ன்னா. முடியும்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல நீங்க. பெரிய டாக்டர் வரட்டும் பாப்போம்னீங்க. டாக்டர் மாசம் ரெண்டு தரம் வந்துட்டுப் போனாரு. நீங்க வாயே தொறக்கல.

மூச்சு விட்டுச்சான்னு இப்பக் கேக்குறீங்க. நான் பதில் சொல்ல மாட்டேன். காளியம்மாவுக்குக் குடுத்த வாக்கு இருக்கு.

மாரியம்மா

*

ஈப்போ
செப்டம்பர் 2

மாரியம்மா அக்காவுக்கு,

நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. காளியம்மாவுக்காக டாக்டருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அனுப்பியிருந்தால் நல்லதா கெட்டதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. குழந்தையின் உயிரும் உயிர்தான் என்று அன்றும் நம்பினேன். அந்தப் பெண்ணின் பக்கம் யாருமில்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது. இரண்டும் தெரிந்தவன் செய்திருக்க வேண்டியது ஏதாவது ஒன்றை. நான் ஒன்றையுமே செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போயிருந்தேன். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் சிமெந்துப் படி மூன்று மட்டும் நிற்கிறது. ஏறினால் வெறும் புல். கோயில் திடலில் மூன்று கட்சிக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். சுகுமாரன் தர்மேந்திரனின் ஆளாக வேலை செய்கிறார்.

தீபன் குப்பைத்தொட்டிக் குழந்தைக்காகக் கண்ணீர் விட்டார். கருவும் கடவுள் தந்த உயிர் என்றார். அடுத்த மூச்சில் அந்தப் பெண்ணைத் தூக்கில் போட வேண்டும் என்றார், கைதட்டினார்கள். ஷர்மினி தூக்கு கூடாது என்றார், பெண்ணின் உடம்பு பெண்ணுடையது என்றார். நான் கையை உயர்த்தி, "ஏழு மாதமான பிறகும் அப்படித்தானா அம்மா?" என்று கேட்டேன். "அதுக்குச் சட்டம் இருக்கு ஐயா" என்று அடுத்த ஆளைப் பார்த்தார். தர்மேந்திரன் என் தோளில் கை போட்டு, "நல்ல கேள்வி ஐயா. மேலிடம் ஆய்வு செய்யுது" என்றார். பிறகு சாலை விளக்கைப் பற்றிப் பேசினார். பின்னால் நின்ற ஒருவர், "பாட்டனுக்கு எந்தக் காலத்துல என்ன கவலை பாரு" என்றார். சிரித்தார்கள்.

இனி எழுதப்போவதை நீங்கள் நம்ப வேண்டும் என்றில்லை. ஒலிபெருக்கியை நிறுத்தியதும் அந்தப் படிகளின் பக்கமிருந்து ஒரு அழுகை கேட்டது. ஒரே முறை. வலது காதில் கேட்டது, அக்கா. கேட்காத காதில்.

சுகுமாரனிடம் சொல்லவில்லை. அவர் வாக்காளர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரி அட்ரஸ்ல இன்னமும் ரெண்டு ஓட்டு இருக்குய்யா. ஒண்ணு நீங்க. மக எப்ப வர்றாங்க?" என்றார்.

எனக்குக் குழந்தை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே 'தினேஸ்வரி, த/பெ குலசிங்கம்' என்று அச்சாகியிருந்தது. வயது முப்பத்தொன்பது. அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதிதான். ஜூன் பதினான்கு. வருடமும் அதே வருடம்.

பெண் பிறந்தால் தினேஸ்வரி என்று வைப்பேன் என்று காளியம்மா சொன்னபோது அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். அவள், நீங்கள், நான்.

குலசிங்கம்

*

பாகான் செராய்
செப்டம்பர் 5

ஐயா,

அந்தப் பக்கமே இனிமே போவாதீங்க. வயசான காலத்துல தனியா போயி அந்தப் படியில என்ன ஏறிக்கிட்டு.

பேரு ஒண்ணு போல எத்தனையோ பேரு இருக்கும். கம்ப்யூட்டர்ல தப்பு வர்றதில்லையா? செத்த எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருசம் கழிச்சு ஆஸ்பத்திரில இருந்து காயிதம் வந்துச்சு, ரத்தம் சோதிக்க வாங்கன்னு. மகன் சிரிச்சுக்கிட்டே கிழிச்சுப் போட்டான்.

அந்தச் சீட்டையும் கிழிச்சுப் போடுங்க.

மாரியம்மா

*

ஈப்போ
செப்டம்பர் 7

மாரியம்மா அக்காவுக்கு,

நான் சீட்டு எதையும் பற்றி உங்களுக்கு எழுதவில்லை. ஆனால் சீட்டு இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் சுகுமாரன் கொண்டுவந்து கொடுத்தார். எந்த அறையில் ஓட்டுப் போட வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கும். அறைகளை வயதுப்படி பிரிப்பது உங்களுக்குத் தெரியும். கிழவர்களுக்கு முதலாம் அறை, இளையவர்களுக்குக் கடைசி. எனக்கு ஒன்று. அவளுக்கு நான்கு. இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். அவளுடையது காலையில் ஈரமாக இருந்தது. தண்ணீர்க் குவளையை நான்தான் கவனக்குறைவாக வைத்திருப்பேன்.

தேர்தல் அலுவலகத்தில் விசாரித்தேன். ஓர் இளைஞர் பொறுமையாகச் சொன்னார்: "பதிவுல பிறப்பு இருக்கு, இறப்பு இல்ல. அப்படின்னா ஆளு இருக்காங்க. பதினெட்டு வயசானா ஓட்டுத் தானா வந்துரும் ஐயா." ஆட்சேபம் தெரிவிக்கும் காலம் முடிந்துவிட்டதாம்.

ஆகவே அந்தக் குழந்தையின் பிறப்பை யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். இறந்து பிறந்ததாக நான் எழுதிய குழந்தையை, உயிரோடு பிறந்ததாக. பிறப்பு அறிவிப்புப் படிவத்தில் டிரெசரின் கையெழுத்து இல்லாமல் போலிஸ் நிலையத்தில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். என் வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். மாதத் தொடக்கத்தில் இருபது படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டு உங்களிடம் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு பிரசவத்துக்கும் என்னைத் தேட வேண்டாமே என்று. என்னை ஒழுங்கானவன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வேட்பாளர்களின் பதில்கள் வந்துவிட்டன. தீபன் தன் படம் போட்ட நாள்காட்டி அனுப்பியிருக்கிறார். தர்மேந்திரனின் செயலாளர், 'தங்கள் கடிதம் கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதியிருக்கிறார். ஷர்மினி மட்டும் கைப்பட நான்கு வரி எழுதியிருந்தார். 'எனக்குத் தெரியலை ஐயா. மேடையில் அப்படிச் சொன்னால் தோற்றுவிடுவேன்.' முதலில் கோபம்தான் வந்தது. சட்டம் எழுதப் போகிறவர் தெரியாது என்று சொல்லலாமா? பிறகு அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நீங்களும் சொல்லுங்கள். காளியம்மாவுக்குக் கொடுத்த வாக்கு பெரியதுதான். ஆனால் ஆறு நாளில் அவள் பெயரை ஒரு அறையில் உரக்கக் கூப்பிடப் போகிறார்கள்.

குலசிங்கம்

*

பாகான் செராய்
செப்டம்பர் 10

டிரெசர் ஐயாவுக்கு,

சீட்டு விசயம் எனக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேக்கல, ஆனா கேட்ட மாதிரிதான் இருக்கு. எனக்கும் தெரியல. எழுதும்போது கையில வந்துச்சு, எழுதினேன்.

காளியம்மா கிள்ளான்ல போன பங்குனி மாசம் தவறிட்டா. அவ மக போன் பண்ணிச் சொன்னிச்சு. அவ இருக்கிற வரைக்கும்தான் அந்த வாக்கு, முன்ன எழுதின காயிதத்துல அதச் சாக்காச் சொன்னேன். இனிமே சொல்றேன். உக்காந்து படிங்க.

புள்ள உயிரோடதான் பொறந்துச்சு. ரப்பர் பால் நிறுக்கிற நேரம், பதினோரு மணி இருக்கும். நல்ல மழை. ஒரு தரம் கத்துச்சு. மாசம் நெறையல, கையளவு உடம்பு. ஆனா மூச்சு இருந்துச்சு. உடனே தாப்பா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தா பொழைச்சிருக்குமோ என்னமோ. வண்டி கூப்பிட போன் ஆபீஸ்லதான் இருக்கு. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி உக்காந்திருக்கான். புள்ளைக்குத் தகப்பன் அந்தக் கிராணியோட தம்பி. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீங்க வெளி ரூம்ல உக்காந்திருந்ததா எழுதியிருக்கீங்க. ஐயா, நீங்க உள்ள வந்தீங்க. நான் கூப்பிட்டேன், வந்தீங்க. குழாயக் காதுல மாட்டிப் புள்ள நெஞ்சுல வச்சுப் பாத்தீங்க. ரொம்ப நேரம் பாத்தீங்க. அது உங்க விரலப் புடிச்சிக்கிச்சு. "மழை விடட்டும் மாரியம்மா, பாப்போம்"ன்னீங்க. அப்புறம் வெளிய போயி கதவச் சாத்திட்டு எழுதினீங்க. என்ன எழுதினீங்கன்னு நாலு மணிக்குத்தான் பாத்தேன். நாலு மணிக்குத்தான் அது என் மடியில செத்துச்சு. நீங்க பன்னண்டு மணிக்கே எழுதி மை காஞ்சு கெடந்துச்சு.

நான் தலைய ஆட்டினது நெசம்தான். அது நாலு மணிக்கு. நடுவுல இருந்த அந்த நாலு மணி நேரத்த எங்க கொண்டுபோயி வச்சீங்க ஐயா?

ஆஸ்பத்திரிக்குப் பின்னால ரப்பர் மரம் மூணாவது வரிசையில பொதைச்சேன். மனசு கேக்கல. பொறக்கவே இல்லைன்னு எழுதிட்டா அது வந்தது யாருக்குத் தெரியும்? மறுநாள் உங்க கையெழுத்து இருந்த ஒரு தாளை எடுத்துக்கிட்டு ஸ்டேசனுக்கு நடந்தேன். உயிரோட பொறந்துச்சுன்னு சொன்னேன். தகப்பன் பேரு என்னான்னு கேட்டான். கிராணி தம்பி பேரச் சொன்னா காளியம்மாவ வெட்டிப் போட்டிருப்பாங்க. வாயில உங்க பேருதான் வந்துச்சு. இறப்பு எழுதல. எழுதணும்னா எப்படிச் செத்துச்சுன்னு சொல்லணும். நீங்களும் நானும் ஜெயிலுக்குப் போவோம். எனக்கு நாலு புள்ளைங்க இருந்துச்சு.

உங்க மேல பழி போடல. நானும் ஓடிப்போயி கிராணி முன்னால கத்தியிருக்கலாம். கத்தல. ஆனா எனக்கு மறக்கல. அது ஒண்ணுதான் வித்தியாசம்.

ஓட்டுக் கேக்குறவனுங்கள நீங்க கேக்குற கேள்வி, அவனுங்களுக்கு இல்ல லா ஐயா.

மாரியம்மா

*

ஈப்போ
செப்டம்பர் 16

மாரியம்மா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு பழைய பேரேட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். நேரம் என்ற கட்டத்தில் பன்னிரண்டு பத்து என்று என் கையெழுத்தில் இருக்கிறது. உள்ளே வந்தது எனக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் இடது ஆள்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே, எதுவோ பிடித்திருப்பது போல ஒரு உணர்வு வருடக்கணக்காக எனக்கு உண்டு. நரம்புக் கோளாறு என்று மாத்திரை சாப்பிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ஓட்டுப் போடப் போனேன். தமிழ்ப் பள்ளிக்கூடம், வரிசையாக நான்கு வகுப்பறைகள். வெயில் கொளுத்தியது. முதலாம் அறையில் எனக்கு முன்னால் ஆறு பேர். உள்ளே நடப்பது உங்களுக்குத் தெரியும். எழுத்தர் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் கோடு இழுப்பார்கள். விரலில் மை தடவுவார்கள். நான் வாசலில் நின்றபோது கடைசி அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

தினேஸ்வரி, குலசிங்கம் மகள்.

நாற்பது அடிக்கு அப்பாலிருந்து அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வலது காதில்.

நான் எப்படிப்பட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன், என் முறை வந்ததும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அன்று வரிசையை விட்டு விலகினேன். நான்காம் அறை வாசலுக்குப் போய் உள்ளே பார்த்தேன்.

மேசைக்கு முன்னால் யாருமில்லை. எழுத்தர் எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் முதலில் நின்றவருக்கும் மேசைக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். மறைப்புத் தட்டியின் பின்னால் யாராவது இருந்திருக்கலாம். சிமெந்துத் தரையில் மேசையிலிருந்து தட்டி வரை ஈரம் இருந்தது. மலாய்க் காவலர் என்னைத் தொட்டு, "பாக்சிக், உங்க அறை அந்தப் பக்கம்" என்று திருப்பிவிட்டார்.

வெளியே சுகுமாரன் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டாங்க லா, உங்க மக. கோடு போட்டாச்சு. உங்கள மாதிரியே பேச்சே இல்ல. எங்கேயோ நல்ல மழைல மாட்டிக்கிட்டாங்க போல, தலையெல்லாம் சொட்டச் சொட்ட" என்றார்.

எழுத்தரின் பிழையாக இருக்கலாம். ஆள்மாறாட்டமாக இருக்கலாம், இந்த நாட்டில் நடக்காததில்லை. சுகுமாரன் வேறு யாரையோ பார்த்திருக்கலாம். இந்த மூன்றையும் தாளில் எழுதி ஒவ்வொன்றாக யோசித்தேன். எதையும் அடிக்க முடியவில்லை. எதையும் நம்பவும் முடியவில்லை.

முதலாம் அறைக்குத் திரும்பி ஓட்டுப் போட்டேன். மூன்று சின்னங்களுக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றேன். உயிரைப் பற்றி எனக்கு வேண்டிய பதிலை யாரும் தரவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானும் தந்திருக்க மாட்டேன். தெரியாது என்று எழுதியவருக்குப் போட்டேன். அவர் தோற்றுவிட்டார். தர்மேந்திரன் ஜெயித்தார். குப்பைத்தொட்டிப் பெண்ணின் வழக்கு அடுத்த மாதம் வருகிறதாம். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுத் திங்கட்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பேரேட்டு நகலைக் கொண்டுபோனேன். உங்கள் கடிதத்தைக் கொண்டுபோகவில்லை, உங்கள் பெயரையும் சொல்லவில்லை. கலாதேவி என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த ஓர் அதிகாரி முழுவதையும் கேட்டார். நடுவில் ஒருமுறை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"செத்ததுக்குச் சாட்சி இருக்கா ஐயா?"

"உயிரோடு இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இல்லை என்று எழுதினேன்."

"போலிஸ்ல வாக்குமூலம் குடுக்கணும். உங்க மேல கேஸ் வரலாம். யோசிச்சுக்கிட்டு நாளைக்கு வாங்களேன்."

நாளைக்கு என்ற சொல்லை அவர் அன்பாகத்தான் சொன்னார். இன்றைக்கே எழுதித் தருகிறேன் என்றேன். படிவத்தில் இறப்பு நேரம் மாலை நான்கு என்று எழுதினேன். அறிவிப்பவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் எட்டிப் பார்த்து, "தகப்பன்னு போடுங்க ஐயா, பதிவுல அப்படித்தானே இருக்கு" என்றார். எழுதப் போனேன். இன்னொரு பொய்யை எழுத வேண்டாம் என்று தோன்றியது. 'உடன் இருந்தவன்' என்று எழுதினேன். அவர் முத்திரை குத்தினார்.

பெயரை எப்போது எடுப்பார்கள் என்று கேட்டேன்.

"விசாரணை முடியணும். மூணு மாசமாச்சும் ஆகும். அதுவரைக்கும் பதிவுல அவங்க உயிரோடதான் இருக்காங்க ஐயா."

மனைவி போன பிறகு, பகலிலும் முன்கதவைத் தாழிட்டுவிட்டு இருமுறை இழுத்துப் பார்க்கிறவன் நான். இந்த மூன்று மாதமும் தாழிடப் போவதில்லை, அக்கா. வாசற்படியில் ஒரு துவாலையை மடித்து வைத்திருக்கிறேன்.

குலசிங்கம்